நோவாவின் பேழையில் இடம் பெறாதவர்கள்

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, இரண்டாம் ஆண்டு வாசகச் சுழற்சியில், பெருவெள்ளம் வடிந்தபின் இறைவன் நோவாவோடு செய்துகொண்ட உடன்படிக்கை திருப்பலியில் வாசிக்கப்படுகின்றது. குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் அவ்வாசகத்தை ஒட்டி நாம் ஆற்றிய ஒரு மறையுரை இன்றும் நினைவில் நிற்கின்றது. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் சாம்பேசி ஆற்றின் குறுக்கே கரிபா அணை எழுந்து நீர் ஏறியபொழுது, தீவுத் திட்டுகளில் சிக்கித் தவித்த காட்டு விலங்குகளை ஒரு சிறு குழுவினர் படகேறிச் சென்று மீட்டனர் என்றும், அம்முயற்சிக்கு 'நோவா பணி' என்றே பெயர் சூட்டினர் என்றும் ஓர் இதழில் படித்திருந்தோம். அதனை எடுத்துக்காட்டாக வைத்து உருக்கமாகவே பேசினோம். திருப்பலி முடிந்ததும் ஆலய வாயிலில் ஒரு முதியவர் கைகூப்பி நின்றார். "சாமி, அந்த ஆத்தங்கரையில மனுசங்க யாரும் குடியிருக்கலையா?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. படித்த கட்டுரையில் மனிதரைப் பற்றி ஒரு வரி இருந்ததாகவும் நினைவில்லை. அம்முதியவர் இறையடி சேர்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இங்கு எழுதுகின்றோம்.

மனிதர் இருந்தனர். ஏறத்தாழ 57,000 பேர் இருந்தனர். தொங்கா என்பது அவர்தம் இனப்பெயர். பேராற்றின் மக்கள் என்னும் பொருளில் 'பசில்விசி' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். ஆற்றின் வடகரை வட ரொடீசியாவுக்கு உரியது; இன்று அது சாம்பியா. தென்கரை தென் ரொடீசியாவுக்கு உரியது; இன்று அது சிம்பாப்வே. வரைபடம் வரைந்த ஆங்கிலேயருக்கு ஆறு ஓர் எல்லைக்கோடு. தொங்கா மக்களுக்கோ அது ஊரின் நடுத்தெரு. மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் அக்கரைக்கும் இக்கரைக்கும் பெண் எடுத்தும் கொடுத்தும், இழவுக்குச் சென்றும் விழாவுக்கு வந்தும் வாழ்ந்தனர். குவெம்பே எனப்படும் அப்பள்ளத்தாக்கில் அணை வருமுன்பே தங்கி ஆய்வு செய்யத் தொடங்கிய மானிடவியலார் இருவர் உண்டு. எலிசபெத் கோல்சன், தேயர் சுகடர் என்னும் அவ்விருவரும் 1956, 1957-ஆம் ஆண்டுகளில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அம்மக்களைத் தொடர்ந்து கண்டு எழுதிவந்தமையால், மூழ்கிப்போன அவ்வாழ்க்கையை நாம் இன்று ஓரளவு தெளிவாக அறிய முடிகின்றது.

அவ்வாழ்க்கை ஆற்றின் மூச்சோடு இயைந்தது. மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் கம்பும் சோளமும் விதைப்பர். வெள்ளம் வந்து வடியும்பொழுது கரையோரம் கருவண்டல் படியும்; நீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் காயுமுன் அதில் மக்காச்சோளமும் புகையிலையும் காய்கறியும் நடுவர். இவ்வாறு ஒரே ஆண்டில் இரு விளைச்சல். உரம் வேண்டியதில்லை, ஆறே ஆண்டுதோறும் கொண்டுவந்து இட்டுச் சென்றது. தாய்வழி மரபினரான அம்மக்களிடையே கரையோரத் தோட்டங்கள் குடிவழியாக வந்தன. பெண்களுக்கும் அவற்றில் உரிமை இருந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் மழைக்கும் விதைப்புக்கும் உரிய வழிபாட்டிடங்கள் இருந்தன. அவற்றைப் பேணும் குடிக்குரியவர் முதலில் விதைத்த பின்னரே மற்றவர் விதைப்பர்.

விளைவதெல்லாம் வீடு வந்து சேர்ந்ததென்று எண்ணிவிட வேண்டா. கதிர் பால் பிடிக்கும் நாள் தொட்டு அங்கு உறக்கம் இல்லை. பகலில் பபூன் குரங்குக் கூட்டமும் சிட்டினங்களும் வரும். அவற்றை விரட்டுவது சிறுவர் சிறுமியர் கடமை. இரவில் நீர்யானை ஆற்றிலிருந்து ஏறி வந்து கரையோரத் தோட்டத்தை மேய்ந்து செல்லும். யானை வந்தால் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு போய்விடும். ஆகவே வயலில் பரண் கட்டி, அதிலேயே சமைத்துண்டு, முழவு கொட்டியும் நெருப்பு மூட்டியும் வாரக்கணக்கில் காவல் இருப்பர். தண்ணீர் எடுக்கும் துறையில் முதலை உண்டு. பல இடங்களில் கொம்புகளை நட்டுத் துறைக்கு வேலி கட்டினர். செட்சி ஈ மிகுந்த பகுதிகளில் மாடு பிழைப்பதில்லை; ஆட்டையும் கோழியையும் கொண்டே காலம் தள்ளினர்.

பஞ்சமும் அங்குப் புதிதன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் பெண்கள் காட்டை நம்பி வாழ்ந்தனர். எந்தக் கிழங்கை எத்தனை முறை வேகவைத்து நீர் வடித்தால் நஞ்சு நீங்கும், எந்த இலை எம்மாதத்தில் உண்ணத் தகும் என்னும் அறிவு தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. நம் வாசகர்க்கு வியப்பாய் இருக்கும். புளியமரமும் அப்பள்ளத்தாக்கின் மரமே. பசிக்காலத்தில் புளியின் பழத்தைக் கரைத்துச் சாம்பல் சேர்த்துப் புளிப்பைத் தணித்துக் குடித்தனர். வேட்டை இறைச்சியும் கைகொடுத்தது. ஆனால் குடியேற்ற அரசின் வேட்டைச் சட்டங்கள் ஒவ்வொன்றாய் வந்த பின், தம் வயலை அழித்த விலங்கைக் கொல்வதே பல இடங்களில் குற்றமாயிற்று. ஆக, காட்டுயிரோடு அவர் கொண்டிருந்த உறவை இணக்கம் என்று மட்டும் சொல்வதும் பிழை. பகை என்று மட்டும் சொல்வதும் பிழை. ஒரே ஆற்றை இரு சாராரும் குடித்தனர் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகின்றது.

சாம்பேசிப் பெருநிலத்துக்கும் நம் மண்ணின் திருச்சபைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. இயேசு சபையின் இந்திய மாநிலத் தலைவராக 1556 முதல் 1559 வரை கோவாவிலிருந்து பணியாற்றியவர் கொன்சாலோ தா சில்வெய்ரா அடிகளார். முத்துக்குளித்துறையில் தமிழில் நூல் செய்த அண்டிரிக்கு அடிகளாருக்கும் அவரே அந்நாளில் மேலாளர். பொறுப்பை இறக்கி வைத்துவிட்டு 1560-இல் கப்பலேறிய சில்வெய்ரா, சாம்பேசி வழியே மோனோமோதாபா அரசனின் அவைக்குச் சென்று, அவனுக்குத் திருமுழுக்கு அளித்து, சில வாரங்களுக்குள் 1561 மார்ச்சு மாதத்தில் அவன் ஆணையாலேயே கொல்லப்பட்டார். அவருடலைச் சாம்பேசியில் கலக்கும் ஒரு கிளையாற்றில் எறிந்தனர். அப்பெயர் பின்னர் மீண்டும் நம் கதைக்குள் வரும்.

இரு ரொடீசியாக்களையும் நியாசாலாந்தையும் இணைத்து 1953-இல் ஆங்கிலேயர் ஒரு கூட்டாட்சியை அமைத்தனர். வடக்கே செப்புச் சுரங்கங்களுக்கும் தெற்கே ஆலைகளுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. வடநாட்டில் கபுவே ஆற்றில் அணை கட்டுவதா, கரிபா மலையிடுக்கில் கட்டுவதா என்னும் வழக்கு 1955-இல் கரிபாவுக்குச் சார்பாக முடிந்தது. 1956-இல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் வழங்கியது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்திரே கொய்ன் வரைபடம் தீட்ட, இத்தாலிய நிறுவனம் ஒன்று கட்டியது. 128 மீட்டர் உயரத்துக்கு வில்போல் வளைந்து நிற்கும் சுவர் அது. ஆற்றில் நியாமிநியாமி என்னும் ஆவி, மீன்தலையும் பாம்புடலும் கொண்டு வாழ்கின்றது என்பது தொங்கா முதியோர் நம்பிக்கை. அணையை அது பொறுக்காது என்றனர். 1957-இலும் 1958-இலும் வரலாறு காணாத வெள்ளம் அடுத்தடுத்து வந்து தற்காலிகத் தடுப்பணையையும் பாலத்தையும் வாரிக்கொண்டு போனது. பொறியாளர்கள் புள்ளிவிவரம் பார்த்தனர், முதியோர் தலையசைத்தனர்.

கட்டுமானத்தில் 86 பேர் மாண்டனர். அவர்களுள் 17 பேர் 1959 பிப்ரவரியில் ஒரே விபத்தில் மேடை சரிந்து வீழ்ந்தவர்கள். கரிபா மேட்டில் இத்தாலியத் தொழிலாளர் தூய பார்பராவின் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுப்பினர். சுரங்கத் தொழிலாளர்க்குப் பாதுகாவலி அப்புனிதை. தடுப்பணையின் வடிவை நினைவூட்டும்படி வட்டமாகக் கட்டப்பட்ட அவ்வாலயத்தில், மாண்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தாலியர் பெயரும் ஆப்பிரிக்கர் பெயரும் ஒரே இடத்தில் உள்ளன. நிறவேற்றுமை நாடெங்கும் சட்டமாய் இருந்த காலத்தில் இது சிறிய செயல் அன்று.

இனி மக்களின் கதை. கரிபா உங்களை மூழ்கடிக்கும் என்று அதிகாரிகள் வந்து சொன்னபொழுது முதலில் எவரும் நம்பவில்லை. சாம்பேசியை யாரால் தடுக்க முடியும்? நம்பியபின் கேட்டனர்: நாங்கள் செல்லும் இடத்தில் தண்ணீருக்கு என்ன வழி? தண்ணீர் உங்களைப் பின்தொடர்ந்து வரும் என்று தென்கரையில் மறுமொழி கிடைத்ததாக முதியோர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். ஏரி பெருகிப் புதிய ஊர்களின் வாசல்வரை வரும் என்று அதனைப் புரிந்துகொண்டு காத்திருந்தனர். லாரிகள் வந்தன. தட்டுமுட்டுகளையும் தானியத்தையும் கோழிகளையும் ஏற்றினர். முன்னோர் ஆவிகள் வழிதெரியாமல் நின்றுவிடக் கூடாதென்று சிலர் மரக்கிளையொன்றை வெட்டி லாரியின் பின்னே கட்டி இழுத்துச் சென்றனர் என்றும் கேட்கின்றோம். கல்லறைகளை எடுத்துச் செல்ல முடியவில்லை. லாரிகள் அவர்களை இறக்கிவிட்ட இடங்களுள் பல, ஆற்றுக்கு வெகு தொலைவில், மொபானி மரம் மட்டுமே செழிக்கும் வறண்ட மண். நீர் அவ்வளவு தூரம் பின்தொடர்ந்து வரவேயில்லை.

வடகரையில் தலைவர் சிப்பேப்போவின் மக்கள் நகர மறுத்தனர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட லுசிட்டு, அணைக்குக் கீழே, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அது பிறர் மண். அங்குப் போகமாட்டோம் என்றனர். ஆளுநர் ஆர்தர் பென்சன் தாமே வந்து பேசினார். பயனில்லை. 1958 செப்டம்பர் 10-ஆம் நாள், சிசோமோ என்னும் இடத்தில், ஈட்டி ஏந்தி நின்ற ஆண்களை நோக்கிக் காவல் படை சுட்டது. எட்டுப் பேர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். எஞ்சியவர் லாரியேறினர். ஏறத்தாழ 6,000 பேர் லுசிட்டுவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறு ஆண்டே அங்கு வயிற்றுக்கடுப்பில் குழந்தைகள் இறந்தனர். அதன்பின் இன்னதென்று உறுதியாய் அறியப்படாத ஒரு நோய் பெண்களையும் சிறாரையும் வாரிச் சென்றது. பசிக்காலத்துக்குரிய காட்டுணவு அறிவு பற்றி மேலே எழுதினோம். புதிய மண்ணின் செடிகொடிகளுள் எது உணவு, எது நஞ்சு என்பதை அத்தாய்மார்க்குக் கற்றுத்தர அங்கு யாருடைய தாயும் இல்லை.

சிசோமோவில் சுடப்பட்டோர் புதைக்கப்பட்டு மூன்று மாதம் நிறைவதற்குள், 1958 டிசம்பர் தொடக்கத்தில், அணையின் வழி அடைக்கப்பட்டது. நீர் ஏறியது. குன்றுகள் தீவுகளாயின, தீவுகள் நாள்தோறும் சுருங்கின. தென் ரொடீசியாவின் வேட்டைவிலங்குத் துறையில் மூத்த அதிகாரியாயிருந்த ரூபர்ட் பாதர்கில் சில படகுகளோடும் சிறு குழுவோடும் அத்தீவுகளுக்குச் சென்றார். இம்பாலா மான்களை வலைக்குள் விரட்டிப் பிடித்தனர். கயிறு கட்டினால் மானின் காலில் புண்ணாகின்றது என்று கண்டு, பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை அனுப்புமாறு வேண்டினர். மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றை முறுக்கிக் கட்டுக்கயிறாக்கினர். காண்டாமிருகத்தை மயக்க ஊசியால் வீழ்த்தித் தெப்பத்தில் ஏற்றினர். பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு, ஆமை, நச்சுப்பாம்பு எதனையும் விலக்கவில்லை. நீந்தத் தெரிந்த யானைகளைக் கரைநோக்கி ஓட்டினர். வடகரையிலும் சிறிய அளவில் இப்பணி நடந்தது. 1964 வரை நீண்ட இம்முயற்சியில் 6,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் மீட்கப்பட்டன. பல, தென்கரையில் மத்துசாதோனா மலையடிவாரத்தில் விடப்பட்டன. உலக நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. அதன் எதிரொலியே நம் மறையுரை வரைக்கும் வந்தது. படகில் உடன் நின்று வலையிழுத்த ஆப்பிரிக்கப் பணியாளர் பெயர்களை அப்பக்கங்களில் தேடுவது வீண்.

பாதர்கில்லைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அணை கட்டும் முடிவில் அவருக்குப் பங்கில்லை. மூழ்கும் உயிரைக் கண்டவர் கைநீட்டினார். தீவொன்று அவர் பெயரால் இன்றும் அழைக்கப்படுவது தகும். நாம் உறுத்தலோடு எண்ணிப்பார்ப்பது வேறு ஒன்று. செட்சி ஈயை ஒழிப்பதாகச் சொல்லி, 1919 முதல் பல்லாயிரம் பல்லாயிரமாகக் காட்டு விலங்குகளைச் சுட்டுத்தள்ளியதும் இதே தென் ரொடீசிய அரசுதான். அதே அரசு ஆறாயிரம் விலங்கை மீட்டபொழுது உலகம் கைதட்டியது. கைதட்டலின் ஓசையில் ஐம்பத்தேழாயிரம் பேர் லாரியேறிய ஓசை கேட்கவில்லை. பேழைக்கு வெளியே நின்றவர் யார் என்று நாமும் கேட்கவில்லையே! குருமடத்தில் தொடக்க நூலுக்கு விளக்கவுரைகள் பல படித்த நமக்கு அக்கேள்வி எழவில்லை. எழுத்தறிவு குறைந்த அம்முதியவருக்கு எழுந்தது.

1960 மே மாதத்தில் இங்கிலாந்தின் அரசியன்னை அணையைத் திறந்து வைத்தார். 1963-இல் ஏரி நிறைந்தது. கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி அது. சால்வினியா என்னும் மிதக்கும் களை சில ஆண்டுகள் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடந்து, பின் தணிந்தது. தாங்கனிக்கா ஏரியிலிருந்து 1967-68-இல் கொண்டுவந்து விடப்பட்ட கப்பெண்டா என்னும் நெத்திலியளவு மீன் பெருகி, கருவாடாகி, இரு நாட்டுச் சந்தைகளையும் நிறைத்தது. ஆனால் அதைப் பிடிக்க விளக்கும் இயந்திரமும் பூட்டிய தெப்பம் வேண்டும்; அதற்கு முதல் வேண்டும். தொங்கா இளைஞர் பெரும்பாலும் அத்தெப்பங்களில் கூலிக்குச் சென்றனர். ஓடத்தில் கடந்த ஆறு கண்ணுக்கெட்டாத ஏரியானபின், அக்கரை உறவினர் வேற்றுநாட்டவர் ஆயினர். மத்துசாதோனாவும் சிசாரிராவும் 1975-இல் தேசியப் பூங்காக்களாயின. அவற்றுள் முன்போல் விறகுக்கோ வேட்டைக்கோ நுழைவது குற்றம். காண்டாமிருகங்களுக்கும் நற்காலம் நீடிக்கவில்லை. காலுறைக் கயிற்றால் கட்டிக் காப்பாற்றப்பட்டவற்றின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலானவை 1980-களில் கொம்புக்காகக் கள்ள வேட்டையில் வீழ்ந்தன.

யானைக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. கதிர் முற்றும் நாளை மட்டும் அது நன்கறியும். விடுதலை பெற்ற சிம்பாப்வே, சட்டத்தில் ஒரு நல்ல திருத்தம் செய்து, காட்டுயிரால் வரும் வருவாயை ஊரார் பெற வழிவகுத்தது. 1989-இல் கேம்ப்பயர் என்னும் அத்திட்டத்தில் முதலில் சேர்ந்த மாவட்டங்களுள் ஒன்று ஏரிக்கரையிலுள்ளது. அதற்கு நியாமிநியாமி என்றே பெயரிட்டிருந்தனர்! அயல்நாட்டு வேட்டையாளர் ஒரு யானைக்குச் செலுத்தும் கட்டணத்தில் பள்ளியும் ஆலைக்கூடமும் எழுந்த ஊர்கள் உண்டு. ஆயினும் மாவட்ட மன்றம் தன் பங்கை எடுத்தபின் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தது சொற்பம். யானை அழித்த பயிருக்கு இழப்பீடு தர முதலில் முன்வந்த அம்மன்றம், கோரிக்கைகள் பன்மடங்காகவே அதைக் கைவிட்டது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கும் ஈமச்செலவுக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை என்பதே அங்கு நீண்டநாள் மனக்குறை.

உடன்படிக்கை வாசகத்தை இப்பொழுது திரும்பப் படிக்கையில் ஒன்று நம் கண்ணில் படுகின்றது. இறைவன் நோவாவோடு மட்டும் பேசவில்லை. அவர் வழிமரபோடும், பறவை, கால்நடை, காட்டு விலங்கு அனைத்தோடும் ஒருசேரப் பேசுகின்றார். மனிதருக்கென்று ஓர் உடன்படிக்கை, விலங்குக்கென்று வேறோர் உடன்படிக்கை என்று அங்கு இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலும் மண்ணின் அழுகையையும் ஏழையரின் அழுகையையும் பிரிக்காமல் கேட்கச் சொல்கின்றது. கரிபாவில் இரண்டும் பிரிக்கப்பட்டன. ஒன்றுக்குப் பேழை அனுப்பப்பட்டது. மற்றொன்றுக்குக் காவல் படை அனுப்பப்பட்டது.

சில்வெய்ராவின் பெயர் மீண்டும் வரும் என்றோம். சிம்பாப்வேயில் இயேசு சபையார் நடத்தும் சமூகப்பணி மையம் ஒன்று 'சில்வெய்ரா இல்லம்' எனப்படுகின்றது. அவ்வில்லமும் மாம்போ அச்சகமும் சேர்ந்து 1994-இல் ஒரு நூலை வெளியிட்டன. ஆற்றைவிட்டுப் பெயர்க்கப்பட்ட தொங்கா முதியோர் தம் வாயால் சொன்னவற்றை மைக்கேல் திரெம்மல் தொகுத்தது அது. நீர் தங்களைப் பின்தொடரும் என்று அவர்கள் நம்பியதே அந்நூலின் துணைத்தலைப்பு. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 36 ஆண்டுகள். திருச்சபையின் காதும் மெதுவாகத்தான் திறந்தது. பின்னர் 2002-இல் அம்மக்களே பசில்விசி என்னும் தம் பழம்பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்து, இழந்தவற்றுக்கு ஈடு கேட்கத் தொடங்கினர்.

2022-ஆம் ஆண்டு இறுதியில் ஏரி வற்றி, தென்கரை மின்நிலையம் ஏறத்தாழ நின்றுபோனது. 2024-இல் கடும் வறட்சி மீண்டும் வந்தது. தலைநகர்களில் விளக்கணைந்த செய்தி உலகெங்கும் சென்றது. பிங்கா மாவட்டத்துத் தொங்கா ஊர்கள் பலவற்றில் அணைவதற்கு விளக்கே வந்து சேர்ந்ததில்லை. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் சோளம் முற்றும். மாலை மங்கியதும் பெண்கள் காய்ந்த யானைச் சாணத்தோடு மிளகாய்த் தூளைப் பிசைந்து அச்சில் வார்த்த கட்டிகளை வயலோரம் மூட்டிவிடுவார்கள். காரப்புகையை யானை பொறுக்காது என்று 1990-களில் சாம்பேசிப் பள்ளத்தாக்கில் கண்டறிந்த முறை இது. காற்று திசை மாறினால் புகை பரணுக்கே வரும். அப்பொழுது கண்ணைக் கசக்கிக்கொண்டு தகரத்தைத் தட்டத் தொடங்குவார்கள்.